கணக்கில் வராத மாடி

ஜெயகிருஷ்ணன் சாரை நான் திட்டாத நாள் கிடையாது. மனசுக்குள்தான். வீட்டுக்காரரை வாய்விட்டுத் திட்ட முடியுமா? மாடம்பாக்கம் பக்கம் அவர் வீட்டு மாடியில் நான், என் மனைவி நிஷா, கைக்குழந்தை மூவரும் குடியிருந்தோம். அவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கு அதிகாரி. காலனி நலச் சங்கச் செயலாளர் வேறு. அவ்வளவு பெரிய மனுஷர் மாடிக்கு மட்டும் வெளிப்பூச்சு பூசவில்லை. மொட்டை மாடியில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கேட்டால், "வேலை இன்னும் முடியல" என்பார். முடியாத மாடிக்கு வீட்டு வரி கிடையாதே! காலனியில் பாதி வீடுகள் இந்த லட்சணம்தான்.

பேரூராட்சியிலிருந்து ஆள் வந்தால் போதும், கீழேயிருந்து சாரின் மனைவி பட்டு மாமி குரல் கொடுப்பார்: "நிஷா, கொடியில இருக்கிற துணியெல்லாம் எடுத்துடும்மா!" நாங்கள் கதவைச் சாத்தி, குழந்தை வாயில் பால்புட்டியைத் திணித்து, திருடர்கள் மாதிரி உட்கார்ந்திருப்போம். சுளையாக வாடகை கொடுக்கிற எங்களுக்கு இந்தக் கதி. வெட்கக்கேடு!

2007இல் தெருவுக்கு மழைநீர்க் கால்வாய் கேட்டு, சார் என்னையும் கூட்டிக்கொண்டு பேரூராட்சிக்குப் போனார். தலைவி ஜெயக்கொடி பின்தெருக்காரர்.

"கவர்மென்ட்டு பாதிதான் குடுக்கும் சார். மீதி நம்ம வரிப்பணத்துல போடணும். உங்க தெருவுல பாதி வூடு முடியவேயில்லன்னு எழுதி கீது. வரி எங்கேந்து வரும்?"

பின்தெருவில் ஓலை வீட்டுக்காரர்கள்கூட, ரசீது இருந்தால்தான் கரண்ட் வரும் என்று முந்தியடித்து வரி கட்டியிருந்தார்கள். கால்வாய் அங்கே போய்விட்டது. "ஓட்டுக்காக செய்யறாங்க" என்று வழியெல்லாம் சார் பொருமினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐப்பசியில் அவர் மகள் மிருதுளாவைப் பெண் பார்க்க வந்தார்கள். ஒத்தாசைக்கு நானும் கீழே இருந்தேன். ரொம்ப நாள் அலைந்து அமைந்த வரன். மிருதுளாவுக்கும் பையனைப் பிடித்திருந்தது. அன்றைக்குப் பார்த்து மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அவர்கள் கார் தெருமுனைச் சாக்கடைத் தண்ணீரில் நின்றுவிட்டது. மழைச் சேதம் பார்க்க வந்த ஜெயக்கொடிதான் ஆட்களை விட்டுத் தள்ளச் சொல்லி, மாப்பிள்ளையின் அம்மாவைக் கைப்பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தார். பட்டு மாமி அவரையும் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்.

மாப்பிள்ளையின் அப்பா காலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மாடியில நல்ல வாடகை வருதுன்னு சொன்னீங்களே. வெளியில பார்த்தா வேலை பாதியில நிக்கிற மாதிரி இருக்கே?"

சார் அவரைப் பார்த்தார், ஜெயக்கொடியைப் பார்த்தார். வாடகை வருகிறது என்றால் ஜெயக்கொடியிடம் மாட்டுவார், வரவில்லை என்றால் பிள்ளை வீட்டாரிடம். மிருதுளாதான் பேசினாள்.

"வீடு முடிஞ்சு ஆறு வருஷமாச்சு, அங்கிள். வரி கட்ட வேண்டாம்னு அப்பா பூசாம விட்டிருக்கார்."

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். ஊரார் கணக்கிலெல்லாம் குற்றம் கண்டுபிடித்த மனுஷர், தரையைப் பார்த்தபடி நின்றார். இத்தனை நாள் திட்டிய எனக்கே அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது.

ஜெயக்கொடி எழுந்தார். "எனக்கு எப்பவோ தெரியும் சார். மாடில கொழந்த துணி காயறது தெருவுக்கே தெரியுது. படிச்ச பெரியவரு, மூஞ்சிக்கு நேரா கேட்டா சங்கடப்படுவீங்க. நீங்களே ஒருநாள் வந்து சொல்வீங்கன்னு பாத்துகினு இருந்தேன்."

"போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று பிள்ளை வீட்டாரும் எழுந்தார்கள். சார் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர்களைக் கார்வரை கொண்டுபோய் விட மிருதுளாதான் அந்தத் தண்ணீரில் இறங்கினாள்.