அம்பு போட்டவர்

அந்தக் குழாயில் அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டவர் எங்கள் பேராசிரியர். பழியை நூர்ஜஹான் மேல் போட்டவரும் அவர்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

போன வாரம் பக்கத்து மனையில் தண்ணீருக்குப் போர் போட்டார்கள். மண்ணுக்குள்ளிருந்து உருவிய குழாயில் கருஞ்சேறு, அழுகிய முட்டை நாற்றம். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் நின்றுவிட்டேன். அந்த நாற்றம் என்னை நேராக ஒரு கப்பல் தளத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

சுனாமிக்கு அடுத்த வருஷம். நிலவியல் கடைசி வருஷம் படித்தோம். ஆராய்ச்சிக் கப்பலில் ஐந்து நாள் பயிற்சி. வகுப்பில் எட்டுப் பேருக்கு இடம். மரக்காணத்திலிருந்து நான், கூனிமேட்டிலிருந்து நூர்ஜஹான். அவள் அத்தா தன் மளிகைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு கப்பல்ல போறா" என்று சொன்னாராம். "இந்த வயசுலயே ஹஜ்ஜுக்காங்க?" என்று கேட்டவர்களும் உண்டு.

நான் உப்பளத்துக்காரன் மகன். கடல் காற்றிலேயே வளர்ந்தவன் என்று வகுப்பில் அளந்துவைத்திருந்தேன். கப்பல் கிளம்பி அரை மணியில் குடல் வெளியே வந்தது. நூர்ஜஹான் எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். "ஏம்பா, உப்புலயே பொறந்தேன்னு பீத்திக்கிட்ட. இப்ப பக்கெட்டத் தேடுற?"

எடை கட்டிய குழாயைக் கடலில் இறக்கினால் அடிச்சேற்றில் குத்திக்கொள்ளும். தூக்கினால் உள்ளே சேறு அடுக்கடுக்காக இருக்கும். மேலே புதுசு, கீழே பழசு. தளத்தில் படுக்க வைத்ததும் முதல் வேலை, மேல்பக்கம் எது என்று அம்பு போடுவது. அதில் தவறினால் அது வெறும் சேறு. சுனாமி கொண்டுவந்து போட்ட மணல் எவ்வளவு கனம் என்று பார்க்கத்தான் போயிருந்தோம். எங்கள் உப்புப் பாத்திகளைச் சேறாக்கிய அதே அலை.

மரக்காணத்துக்கு நேரே நின்றபோது தூரத்தில் உப்புக் குவியல்கள் வெள்ளையாகத் தெரிந்தன. மழை தூறியது. நான் குழாயின் ஒரு முனையைப் பிடித்திருந்தேன், நூர்ஜஹான் குறிப்பேடு எழுதினாள். சார் அவசரமாக வந்து, மார்க்கரைப் பிடுங்கி, தானே அம்பு போட்டார்.

"சார், அது அடிப்பக்கம் சார்."

"எனக்கே பாடமாம்மா? எழுது, எழுது."

மேல்முனை என் கையில்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கல்லூரியில் குழாயைப் பிளந்தார்கள். அம்புப்படி பார்த்தால் மணல் அடியில் கிடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த விஞ்ஞானி சிரித்தார். "என்ன சார், உங்க ஊர்ல சுனாமி கீழருந்து வந்துச்சா?"

திருப்பி வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். ஒரு குழாய் சந்தேகம் என்றால் அன்று எடுத்த அத்தனையும் சந்தேகம். சார் முகம் செத்துப்போனது. குறிப்பேட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான் சார். ஆனா அம்பு நீங்க போட்டீங்க. நான் அப்பவே சொன்னேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ பக்கத்துலதானப்பா இருந்த?"

"கவனிக்கல சார்."

செய்முறைத் தேர்வு மதிப்பெண் அவர் கையில் இருந்தது. இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை. வெளியே வந்ததும் நூர்ஜஹான் சொன்னாள்: "வாந்தி எடுக்கறப்பதான் உனக்கு வாய் தெறக்கும்போல."

அறிக்கையில் சார் 'மாணவியின் கவனக்குறைவு' என்று எழுதினார். மேற்படிப்புக்கு அவள் கேட்ட சிபாரிசுக் கடிதத்தைத் தரவில்லை. அவள் கடைக் கல்லாவில் உட்கார்ந்தாள். அவள் அத்தா கப்பல் பேச்சை விட்டார்.

அந்தக் கப்பலை உடைத்துவிட்டார்களாம். குழாய்கள் இருந்த அறை இப்போது கம்ப்யூட்டர் அறை. சேற்றையெல்லாம் பின்பக்கம் கொட்டி, மேலே பைக் ஸ்டாண்டு போட்டிருக்கிறார்கள். அன்று தளத்திலிருந்து பார்த்த பாத்திகளில் சிலவற்றின் மேல் ரிசார்ட் நிற்கிறது. பார்த்து எது சரி என்று சொல்ல இனி ஒரு பிடிச் சேறுகூட இல்லை. உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். அவள் அன்றைக்கே சொன்னாள். நான் வெட்கம்கெட்டு இப்போது சொல்கிறேன்.

மிச்சம் நீங்கள், சார். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் ஊராக மேடையேறிக் கடல் பற்றிப் பேசுகிறீர்கள். அடுத்த மேடையில் மைக்கைப் பிடித்து, கூனிமேட்டு நூர்ஜஹான் என்று பெயர் சொல்லி, எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள். அந்த அம்பைப் போட்டது யார்?