மைக்கில் வராத சொல்

முட்டாள்தனத்துக்குப் பரிசு கொடுத்தால், அதை வீடு கொண்டுவர எனக்கு ஒரு ஆட்டோ போதாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று சிதம்பரம் மீன் மார்க்கெட் வாசலில், பதிவு செய்த குரல் ஒன்று "மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்" என்று அலறிக்கொண்டு போனது. நண்டுக்குப் பேரம் பேசியவர்கள் திரும்பக்கூட இல்லை. எனக்கு மட்டும் காது சூடானது.

சூடு என்றதும் பழைய ஆம்ப்ளிஃபையரின் கருகல் வாசனைதான் வருகிறது. இரண்டாயிரத்தெட்டு வாக்கில் இதே ஊரில் மைக் செட் கடையில் இருந்தேன். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு சாவு, சினிமா, சேலைத் தள்ளுபடி எல்லாம் கூவுவேன். கணீர்க் குரல் என்று பேர். அந்தக் கணீர், பிச்சாவரம் பக்கத்து மீனவர் தெருவில், பள்ளிக்கூடம் கொடுத்த நோட்டீஸைப் படிக்கையில் "மார்..." என்ற இடத்தில் நின்றுவிட்டது. இழவைக் கூசாமல் சொன்னவனுக்கு நோயின் பேர் கூசியது. "பெண்களுக்கான இலவச முகாம்! இன்று பள்ளிக்கூடத்துக்கு வாரீர்!" என்று மழுப்பினேன்.

அது இலவச டிவி காலம். பெண்கள் ரேஷன் கார்டோடு ஆட்டோவைச் சூழ்ந்துவிட்டார்கள்.

"தம்பி, கலர் டிவிதான?" என்று முன்னால் நின்றவர் மீன் விற்கும் அஞ்சலையக்கா.

அவர் மகள் கவிதா, ப்ளஸ் ஒன், யூனிஃபார்மோடு தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தன் உடம்பைத் தானே சோதிப்பது எப்படி என்று பள்ளிக்கு வந்த நர்ஸ், மாணவிகளுக்குச் சொல்லித் தந்து, அம்மாவுக்கும் சொல்லுங்கள் என்றிருந்தார். இவள் சொன்னாள், அஞ்சலையக்கா விரலில் கட்டி தட்டியது. "பால் கட்டுனதுடி" என்று முகாமுக்கு மறுத்துவிட்டார். பால் குடித்த பிள்ளையோ ப்ளஸ் ஒன்! இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

"நோட்டீஸுல உள்ளத ஏண்ணே படிக்கல?"

"பொம்பளைங்க சமாச்சாரம் பாப்பா..."

"அப்ப பொம்பளைங்கட்டக் குடுங்க" என்று மைக்கைப் பிடுங்கினாள்.

"இது மார்பகப் புற்றுநோய் முகாம். டிவி கெடையாது. மூணு வெரலால லேசா அழுத்தி வட்டமாத் தடவிப் பாருங்க. கட்டி தட்டுனா வாங்க. வலிக்கலன்னாலும் வாங்க."

வலை பின்னிக்கொண்டிருந்தவர் எழுந்தார். "ஏ புள்ள, தெருவுல பேசுற பேச்சா இது?"

"வீட்டுல பேசுனேன் மாமா, கேக்கல. அதான் தெருவுல பேசுறேன். எங்கம்மாவுக்குக் கட்டி இருக்கு."

"மானத்த வாங்கிட்டியேடி!" என்றார் அஞ்சலையக்கா.

"மானம் எங்கயும் போவாது. நீ ஆட்டோவுல ஏறு."

மைக்கை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. சதுப்புக்காட்டு நண்டுகள்கூடக் கேட்டிருக்கும். அக்கா கார்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். தோழிகள் அவரவர் அம்மா கையைப் பிடித்து இழுத்தார்கள்.

பிறகு அக்காவுக்குக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அலைச்சல், ஆபரேஷன், கொட்டி முளைத்த முடி. இன்று குழாய் ஸ்பீக்கர் போய்ப் பெட்டி ஸ்பீக்கர் வந்துவிட்டது. மைக் செட் கடை செல்போன் கடையாகிவிட்டது. அந்தச் சொல்லுக்குக் கூசவும் என்னைத் தவிர ஆளில்லை.

நேற்று மார்க்கெட்டுக்குள் போனால், அஞ்சலையக்கா சங்கராவுக்குச் செதில் சீவிக்கொண்டிருக்கிறார். என் வாய் சும்மா இருக்குமா?

"என்னக்கா, அப்பறமாச்சும் டிவி வந்துச்சா?"

கத்தியை நிறுத்தாமலே சொன்னார்:

"வந்துச்சு, அது போயிருச்சு. நான் இருக்கேன்."