பாம்புப் பெட்டியில் படிந்த வெள்ளை

வாணியம்பாடிக் கல்லூரியில் படித்தபோது, அறிவியல் அறையின் கண்ணாடிப் பெட்டியிலிருந்த கட்டுவிரியனைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். அது சட்டை உரிக்க ஈரம் வேண்டுமென்று தினமும் கிணற்றுத் தண்ணீரைத் தெளித்தேன். உப்புத் தண்ணீர் அது. துளிகள் காய்ந்து காய்ந்து கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க வெள்ளை படிந்துவிட்டது.

ஒரு காலையில் மூடி ஒரு விரல் அளவு நகர்ந்திருந்தது. பாம்பு உள்ளே இருக்கிறதா என்று தெரியவில்லை. அரை மணியில் முப்பது பேர் வெறுங்காலோடு வந்து உட்காருவார்கள்.

மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோல் பதனிடும் வீட்டுப் பிள்ளையான என் தோஸ்தைக் கூப்பிட்டேன்.

“இன்னாடா, சோப்பு போட்டியா?”

“நேத்தே போட்டேன். போகலை.”

“சுண்ணாம்புடா இது. தோல்ல ஏர்ற சுண்ணாம்பையே நாங்க புளிச்ச தவிட்டுத் தண்ணியிலதான் எடுக்கறோம். எடுத்துனு வர்றேன். அதுக்குள்ள செத்துப் போய்டாதே.”

ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்தான். குச்சி முனையில் துணி சுற்றி, அதில் நனைத்து, மூடியின் இடுக்கில் விட்டுத் தேய்த்தேன். பாதத்தருகே ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. குனிந்து பார்க்கத் துணிவில்லை. கண்ணாடி ஓரணாக் காசு அளவு தெளிந்தபோது தெரிந்தது வெறும் சட்டைதான். இன்னும் தேய்த்தேன். அதற்குப் பின்னால், புதுப் பளபளப்போடு, பாம்பு சுருண்டு கிடந்தது.

அன்றிலிருந்து பிடித்து வைத்த மழைத்தண்ணீரைத்தான் தெளித்தேன். துளி காயுமுன் குச்சித் துணியால் துடைத்தும்விடுவேன். மூடிமேல் இரண்டு செங்கல் வைத்தேன். அப்படியும், முதலில் தரையைப் பார்க்காமல் அந்த அறைக்குள் நான் கால் வைத்ததில்லை.