பவித்ரா தன்னுடையது என்று சொன்ன நோட்டு

பவித்ரா இறந்துவிட்டாள். இன்று காலை, ஐ.சி.யூ.வில்.

நான்கு நாளாகக் கண்ணே திறக்கவில்லை... இரும்புக் கம்பி மண்டையில் அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்று டாக்டர் சொன்னார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வார்டு கவுன்சிலர். வயது இருபத்துநான்கு. எந்தக் கட்சியும் சீட் கொடுக்கவில்லை, சுயேச்சையாக நின்று ஜெயித்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

நாமினேஷன் போட்ட அன்றே அவள் ஸ்கூட்டியைக் கொளுத்திவிட்டார்கள். கருகிப்போன வண்டிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, அதையே போஸ்டராக அடித்து ஒட்டினாள்.

பிரசாரக் கூட்டத்தில் ஒருவன் அவள் பின்னலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். மறுநாள் கிராப் வெட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். முழங்கையில் பிளாஸ்டர்.

"இப்ப புடிக்கச் சொல்லுங்க ஆன்ட்டி!"

"ஏட்டி, கல்யாணம் ஆகாத பிள்ளை... இப்படியா வெட்டுவ?"

"முடி வளந்துரும் ஆன்ட்டி. பல்லு ஒடஞ்சாதான் ப்ராப்ளம்."

அவள் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன்.

எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. அரசாங்கத்தின் இலவச டேங்கர்தான். அதுவும் பாதி நாள் வராது.

நான் எட்டாவதோடு நின்றவள். பாலுக்கும் மளிகைக்கும் நோட்டுப் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா... டேங்கருக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். வந்த நாள், வராத நாள், வண்டி நம்பர். கோயிலுக்குப் போகிற வழியில் அதே வண்டி ஒரு ஹோட்டலுக்குத் தண்ணீர் இறக்குவதைப் பார்த்தால் அந்த நேரமும் எழுதிவிடுவேன்.

ஜெயித்த பிறகு ஒரு மத்தியானம் அந்த நோட்டைப் பார்க்க வந்தாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது.

"எல்லா பேஜ்லயும் ஏன் ஆன்ட்டி மேல டூ போட்டிருக்கீங்க?"

"ஏ மூதி, அது ரெண்டு இல்ல. பிள்ளையார் சுழி."

"அச்சா! அதுக்குக் கீழ?"

"முருகன் துணை."

முருகன் துணை, முருகன் துணை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நான் வரிவரியாகப் படிக்கப் படிக்க, போனில் ஹிந்தியில் ஏற்றிக்கொண்டாள். ஆதாரம் வேண்டும் என்று நோட்டையும் கேட்டாள்.

"தர்றேன். ஆனா என் பேரு வேண்டாம்டி. உங்க அங்கிள் ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு."

"டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க ஆன்ட்டி. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை, பட்டப்பகல், பார்க்கில் வார்டு மீட்டிங். நான் மூன்றாவது வரிசை. அவள் நோட்டைத் தூக்கிக் காட்டி, போனைப் பார்த்து வண்டி நம்பர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

டேங்கர் கான்ட்ராக்டரின் மைத்துனன் நான்கு பேரோடு எழுந்து வந்து நோட்டைப் பிடுங்கினான். எழுத்தைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான்.

"கிஸ்னே லிக்கா?" யார் எழுதியது?

அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பெண்கள் ஆறேழு பேர் இருந்திருப்போம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மைனே," என்றாள் பவித்ரா. நான்தான்.

"தோ பட்." அப்படியானால் படி என்று நோட்டை அவள் மூஞ்சியில் எறிந்தான்.

குனிந்து எடுத்தாள். முதல் வரியில் விரலை வைத்தாள். "முருகன் துணை" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

அடுத்த வரி அவளுக்குத் தெரியாது. படிக்க அவன் விடவுமில்லை.

முதல் அடி வாயில்தான் விழுந்தது. பல் தெறித்தது... டேங்கர் வால்வைத் திருப்புகிற கம்பி. தண்ணீர் திறந்துவிடுகிற கம்பி.

நோட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுருண்டாள். முதுகில், காலில், கடைசியில் தலையில். சேர்களை அள்ளி அவள் மேல் வீசினார்கள். எல்லோரும் ஓடினார்கள்.

நானும் ஓடினேன். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு.

நோட்டைப் போலீஸ் எடுத்துக்கொண்டு விசாரித்தபோது அவள் அம்மா உண்மையைச் சொல்லிவிட்டார். "என் பொண்ணுக்குத் தமிழ் எழுதவே தெரியாதுங்களே."

இப்போது கான்ட்ராக்டர் தரப்பு அதையே பிடித்துக்கொண்டது. நோட்டு போலியாம். டேங்கரில் திருட்டே இல்லையாம். அவள்தான் முதலில் கை நீட்டினாளாம், வெறும் கைகலப்பாம். செத்தவளைப் பொய்க்காரி ஆக்கப் பார்க்கிறார்கள்.

செய்தி வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன், ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று.

"சும்மா இருட்டி. அவ போய்ட்டா, நீயும் போகணுமா? அந்தக் கம்பியத் தூக்குன கை இன்னும் வெளியிலதான் கெடக்கு."

"முப்பது வருஷமா சஷ்டி விரதம் இருக்கேன். எதுக்கு இருந்தேன்?"

அவர் பூஜை அறைக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்தார்.

"வெறுங்காலோட எப்படிப் போவ? என் செருப்பப் போட்டுக்கோ. நான் ஷூ மாட்டிட்டு வாரேன்."

போஸ்ட்மார்ட்டம் முடிந்து அவளைக் கொண்டுவர மத்தியானம் ஆகுமாம். அதற்குள் போய்ச் சொல்லிவிட்டு வருகிறோம்.

அதற்கு முன்னால் இங்கே, ஃபேஸ்புக்கில், உங்கள் எல்லோர் முன்னாலும்... அந்த நோட்டு என்னுடையது. கையெழுத்து என்னுடையது. அந்த வண்டிகளைப் பார்த்த கண் என்னுடையது.

பவித்ரா, அடுத்த வரி, 'செவ்வாய்க்கிழமை. டேங்கர் வரவில்லை.'

மிச்சத்தை நான் படிக்கிறேன். நீ தூங்குட்டி.