பூனைக்குச் சாத்திய ஜன்னல்

எங்கள் பூனையை வீட்டுக்குள் வைத்து வளர்ப்பதா, வெளியே விடுவதா என்று எனக்கும் மனைவிக்கும் ஒரு வருடமாகவே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மகள் படிப்புக்காகக் கோயம்புத்தூர் விடுதிக்குப் போன பிறகு, பழங்காநத்தத்தில் எங்கள் வாடகை வீட்டுக்குத் தானாக வந்து சேர்ந்த பூனை அது. வெள்ளை உடம்பு, முதுகில் மஞ்சள் திட்டு. சமையலறை ஜன்னலில் ஒரு கம்பி துருப்பிடித்து விழுந்திருந்தது. அந்த இடைவெளிதான் அதற்கு வாசல். வரும், சாப்பிடும், மனைவியின் தையல் மிஷினுக்குக் கீழே வெட்டுத்துணிக் குவியலில் தூங்கும், போய்விடும்.

எனக்குப் பயம். எங்கள் தெருவில் பள்ளி வேனும் ஷேர் ஆட்டோவும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். நாய்கள் வேறு. “உள்ளயே போட்டு வளப்போம்” என்பேன்.

“அது என்ன பொம்மையா? நாலு இடம் போயிட்டு வரட்டும், விடுங்க” என்பாள் மனைவி.

போன கோடையில் பூனை திடீரென்று காணாமல் போனது. நின்றுகொண்டிருந்த வண்டிகளுக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினேன். இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதுவாகவே வந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. கொஞ்ச நாளாகப் பெருத்திருந்த வயிறு ஒட்டிப்போயிருந்தது. வைத்த மீனைத் தலை தூக்காமல் தின்றது. நாய் துரத்தி எங்கோ மாட்டிக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறது என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அது தின்று முடிப்பதற்குள் ஜன்னல் இடைவெளியில் ஒரு பிளைவுட் துண்டை வைத்து ஆணி அடித்துவிட்டேன்.

“இனிமே வெளிய கிடையாது. அம்புட்டுத்தான்” என்றேன். ஒரு உயிரைக் காப்பாற்றிய திருப்தி எனக்கு.

வாயைத் துடைத்துக்கொண்டு பூனை ஜன்னலுக்குத் தாவியது. பலகையில் முட்டிக் கீழே விழுந்தது. அப்போது தொடங்கியது கத்தல்.

மறுநாள் நான் வழக்கம்போல் சிம்மக்கல்லுக்கு வேலைக்குப் போய்விட்டேன். பேப்பர் மொத்தக் கடையில் எனக்கு அந்தச் சத்தம் இல்லை. வீட்டிலேயே இருந்து தைக்கிற மனைவிக்குத்தான் இருந்தது. மதியம் போன் செய்தாள்.

“ஏங்க, இது கத்துறது சரியில்ல. கதவப் போட்டுப் பிராண்டுது. தொறந்து விட்டுரவா?”

“தொறந்து விட்டேன்னா நாளைக்கு ரோட்டுலதான் கெடக்கும். ரெண்டு நாள் கத்தும், பெறகு பழகிரும்.”

போனில் பூனையின் குரல் கேட்டது. நான் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. “பாத்தியா, அடங்கிருச்சு” என்று நான் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. மனைவி அதன் அருகில் உட்கார்ந்து வயிற்றைத் தடவினாள். தடவிய கை அப்படியே நின்றது.

“இதுக்குப் பால் கட்டியிருக்குங்க. தொட்டுப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கு.”

எனக்குப் புரியவில்லை. மகள் எடை குறைவாகப் பிறந்து தனியாகக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, பால் கட்டி வலியில் இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“குட்டி போட்டுட்டு, பசிக்குச் சாப்பிட வந்திருக்கு. நாம புடிச்சு அடைச்சுட்டோம்.”

‘நாம’ என்றாள்.

கதவைத் திறந்தேன். பூனை ஒரே ஓட்டமாகச் சுவரேறி, பாதியில் நின்றுபோயிருந்த பக்கத்து மனைக் கட்டடத்துக்குள் குதித்தது. நான் தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். கான்கிரீட் போட அடுக்கி வைத்திருந்த சென்ட்ரிங் பலகைகளுக்குப் பின்னால் மூன்று குட்டிகள் கிடந்தன. இரண்டின் மேல் எறும்பு ஏறியிருந்தது. பூனை அவற்றைத்தான் முதலில் நக்கியது. மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தது. மூன்றாவது லேசாக அசைந்தது.

தாயையும் அந்தக் குட்டியையும் துண்டு விரித்த கூடையில் வைத்து, கே.கே. நகரில் மிருக டாக்டரிடம் கொண்டுபோனோம். மனைவி வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து கூடையை மடியில் அணைத்திருந்தாள்.

அந்த இளம்பெண் டாக்டர் குட்டிக்குச் சூடு கொடுத்து, சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டினார். “முதல் ஈத்துல சில பூனை இப்படித்தான் சார், குட்டிய விட்டுட்டுப் போயிரும்” என்றார். நான் தலையாட்டினேன். ஆம், தலையாட்டினேன்.

“அது விட்டுட்டுப் போகல டாக்டர்” என்றாள் மனைவி. “நாங்கதான் அடைச்சு வச்சிருந்தோம்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூடையைப் பார்த்தேன்.

குட்டி பிழைத்துக்கொண்டது. மற்ற இரண்டையும் வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். ஆனால் அவற்றைத் தேடி அந்தப் பலகைகளுக்கே தாய் பல நாள் போய்வந்தது. அங்கே நின்று கூப்பிடும், காத்திருக்கும், திரும்பி வந்து இருக்கிற குட்டிக்குப் பால் கொடுக்கும். என்மேல் அதற்குக் கோபம் எதுவும் இல்லை. வேலை முடிந்து வந்தால் முன்பு போலவே காலில் உரசும். திட்டு வாங்கியிருந்தால் கூடத் தேவலை.

குட்டி வளர்ந்தது. தாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்தாயிற்று. பிளைவுட்டைப் பிடுங்கப் போனபோது மனைவி தடுத்தாள்.

“இந்தக் குட்டியவாச்சும் உள்ள வச்சுக்குவோங்க. இதுக்கும் ஒண்ணு ஆச்சுன்னா எனக்குத் தாங்காது.”

எத்தனை தடவை நான் கேட்க விரும்பிய வார்த்தை! இப்போது எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. ‘விடுங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தவளை இப்படிப் பேச வைத்ததும் நான்தானே என்றுதான் தோன்றியது.

அவள் சொன்னபடியே செய்தோம். தாய் வாசல் கதவைப் பிராண்டினால் உடனே திறந்துவிடுவோம். அது வெளியே நழுவும்போது, கூடவே பாயும் குட்டியைக் காலால் மெல்லத் தடுத்துக் கதவைச் சாத்துவோம். குட்டி கதவடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கத்தும். சும்மா வெளியே போகத்தான் கத்துகிறது என்று மனைவி சொல்வாள். இருக்கலாம். ஆனாலும் நான் ஒவ்வொரு முறையும் எழுந்து போய் அதைத் தூக்கி, உடம்பெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கீழே விடுகிறேன்.