தீவுப் பள்ளிக்கூடத்து மதகு

பத்து வயதில் எங்கள் வீட்டின் வெளியுறவு அமைச்சர் நான்தான். நோர்வேக்கு வந்து ஐந்து வருடமாகியும் அப்பாவுக்கு அலுவலகங்களில் தரை துடைக்கத் தேவையான நோர்வேஜிய மொழி மட்டுமே தெரியும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. பள்ளிக்கூடம், வைத்தியர், நகரசபை என்று எங்கிருந்து கடிதம் வந்தாலும் என் கைக்கே வரும். அந்தப் பதவியை ஒருநாள் எவ்வளவு கேவலமாகப் பயன்படுத்தினேன் என்பதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா ஊரில் வீதி இலாகாவில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தவர். யாழ்ப்பாணத்துத் தீவுகளில் றோட்டுப் போடுவித்தவர், பள்ளிக்கூடங்களுக்குக் கிணறு வெட்டுவித்தவர். ஒஸ்லோவில் அவருடைய சான்றிதழ்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேலை இல்லை என்று வந்த கடிதங்களை அவருக்கு வாசித்துச் சொன்னதும் நான்தான்.

அந்த வருடம் வகுப்பில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு இடத்தின் வரலாற்றைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எகிப்தும் சீனாவும் வந்தன. எனக்கு வந்தது பசிபிக் கடலில் ஒரு தீவு. வரைபடத்தில் ஈ உட்கார்ந்தால் மறைந்துவிடும். ஒரு காலத்தில் ஜெர்மன்காரர் ஆண்ட இடம். நூலகப் புத்தகத்தில் அதற்கு ஒரே ஒரு படம் இருந்தது. வெள்ளை உடுப்பில் ஒரு துரை நிற்க, ஊர் ஆண்கள் பவளக்கல் சுமந்து றோட்டுப் போடுகிறார்கள். பின்னால் ஓலைக் கூரையோடு ஒரு பள்ளிக்கூடம். ஆண்கள் கூலியில்லாமல் றோட்டு வேலைக்கு வரவேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கு வரவேண்டும், வராவிட்டால் தண்டம் என்று கீழே எழுதியிருந்தது.

நாலு வரி எழுதினால் போதும் என்றிருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆர் இந்த றோட்டைப் போடுவிச்சவன்? பள்ளிக்கூடத்தைவிட றோட்டு உயரமாக் கிடக்கு. அடியாலை தண்ணி போக ஒரு மதகுகூட இல்லை. மழை பெய்தால் தண்ணி முழுக்க வகுப்புக்குள்ளதானே நிக்கும்!"

எப்போதோ செத்துப்போன அந்தத் துரையோடு அப்பா இரண்டு வாரம் சண்டை பிடித்தார். வேலையால் வந்ததும் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொள்வார். வார்னிஷ் பூசிய அட்டையில் தீவு. அதைச் சுற்றி ரவையில் வெள்ளை றோட்டு. பள்ளிக்கூடத்தின் முன்னால், புத்தகத்தில் இல்லாத ஒரு மதகு. பேனாக் குழாய்களை வெட்டி றோட்டுக்கு அடியில் பதித்திருந்தார். பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பெற்றோர் செய்துகொடுப்பது எங்கள் ஆட்களிடம் உள்ளதுதான். ஆனால் என்னை அதில் கைவைக்கவே விடவில்லை. நான் சிணுங்கியபோது அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்: "விடு பிள்ளை. கொப்பர் இப்பதான் திரும்ப மனிசரா இருக்கிறார்."

பெற்றோர் சந்திப்பு நாளில் அப்பா வேலை ஜாக்கெட்டோடு, பனியில் வழுக்காமல், தீவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். வாசலில் என் வகுப்புப் பிள்ளைகள் இருவர் நின்றார்கள். அப்பா தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், "நான் அப்பா. நான் றோட்டு" என்றார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

ஆசிரியை முதலில் மதகைத்தான் கண்டார். இது படத்தில் இல்லையே என்றார். அதை நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் மேசையிலிருந்த குவளைத் தண்ணீரை எடுத்துப் பள்ளிக்கூடத்தின் பக்கம் மெல்ல ஊற்றினார். தண்ணீர் றோட்டுக்கு அடியால் போய் மறுபக்கம் கடலில் இறங்கியது.

ஆசிரியை சிரித்தபடி மடமடவென்று பேசினார். இது குழந்தையின் கைவேலை இல்லை என்று தெரிகிறது, ஆனாலும் மிகவும் சந்தோஷம். அடுத்த வாரம் அப்பா வகுப்புக்கு வந்து, றோட்டு எப்படிப் போடுவது என்று சொல்ல முடியுமா? தன் தம்பி நகரசபையின் வீதிப் பிரிவில் இருக்கிறான், இப்படி வேலை தெரிந்தவர்களைத் தேடுகிறான், அப்பா அவனோடு கட்டாயம் பேச வேண்டும். தம்பியின் தொலைபேசி இலக்கத்தை எழுதி என் கையில் தந்தார்.

"என்னவாம் பிள்ளை?" என்று அப்பா கேட்டார்.

முழு வகுப்பும் சிரிக்க, அப்பா நடுவில் நின்று "நான் றோட்டு" என்று சொல்வதுதான் என் கண்ணுக்குள் நின்றது.

"பிள்ளையளின்ரை வேலையைப் பிள்ளையள்தான் செய்ய வேணுமாம். இனி நீங்கள் செய்யக்கூடாதாம்."

"அப்ப ஏன் சிரிக்கிறா?"

"இஞ்சை ஆக்கள் ஏசேக்கையும் சிரிச்சுக்கொண்டுதானே ஏசுவினம் அப்பா."

அது உண்மைதான் என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். "ஓம், ரீச்சர் சொல்லுறதிலை பிழையில்லை" என்றார். மன்னிப்புக் கேட்கும் சொல் அவருக்கு நோர்வேஜிய மொழியில் நன்றாகத் தெரியும். எழுந்து நின்று அதை இரண்டு தடவை சொன்னார். வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று நான் ஆசிரியைக்கு விளக்கினேன். ஆசிரியையின் முகம் வாடிவிட்டது. தீவை வகுப்பில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அதையும், என் பைக்குள் கிடந்த தொலைபேசி இலக்கத்தையும் நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

முழங்கால் இரண்டும் போகும்வரை அப்பா தரை துடைத்தார். அந்த நாளுக்குப் பிறகு ஒருநாளும் அவர் பென்சில் பிடித்து நான் பார்க்கவில்லை. இப்போது உண்மையைச் சொல்லலாம் என்றால் அப்பா இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அதுதான் இன்னும் மோசம்.

அன்று வீடு திரும்பியதும் அப்பா எங்கள் கட்டடத்தின் கீழே நின்று, தீவின் அட்டையைத் தனியாக, பேனாக் குழாய்களைத் தனியாகப் பிரித்து அந்தந்தக் குப்பைத்தொட்டியில் போட்டார். இந்த நாட்டில் அவர் கற்றுக்கொண்ட ஒழுங்கு அது.

"ரீச்சர் உன்னை ஒண்டும் ஏசேல்லைத்தானே?"

"இல்லை அப்பா."

"அது காணும், போதும்."

நான் படிகளில் துள்ளிக்கொண்டு ஏறினேன். அப்பாவைப் பார்த்து இனி யாரும் சிரிக்க மாட்டார்கள், அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு நிம்மதி.