பகல் ரயிலில் போன சொக்கலேட்

"ராத்திரி மெயிலில் போ" என்று றோசலின் அக்கா என்னிடம் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. அதை மட்டும் சொல்லியிருந்தால் என் பெயர் கெட்டிருக்காது. நாலு வருடமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் திரிந்தேன். போன மாதம் அவர் இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவுப் புத்தகம் அடிக்கிறார்களாம். கூட வேலை செய்தவன் என்று என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவன். நல்லதை மட்டும் பொறுக்கி எழுத எனக்குத் தெரியாது.

றோசலின் அக்கா பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பதினாலு வயதில் துரை பங்களாக் குசினியில் சமையல் வேலைக்குப் போனார். அந்தத் துரைசாணிக்குச் சொக்கலேட் என்றால் உயிர். மாத்தளைப் பக்கமிருந்து கொக்கோக் கொட்டை வரவழைத்து, அக்காவை வைத்தே எல்லாம் செய்து பழக்கினாள். துரை குடும்பம் சீமைக்குப் போனதும் அக்கா ஹட்டனில் மரியரட்ணம் முதலாளியின் பேக்கரிக்கு வந்தார். அதுவரை அங்கே பாணும் பணிசும்தான். அக்கா வந்த பிறகு, நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, சொக்கலேட் வாங்கக் கடைவாசலில் ஆள் நின்றது.

எனக்கு அரைக்கிற வேலை. ஹட்டன் குளிரில் அரைத்த கொக்கோ கல்லிலேயே இறுகிவிடும். அதனால் அம்மிக்கு அடியில் தணல் போட்டு அரைப்பேன். அதில் ஒரு பங்கைத் துணிப்பையில் கட்டி, சூட்டோடு திருகுக் கட்டையில் வைத்து இறுக்கினால் மஞ்சளாக நெய் வடியும். அதுதான் கொக்கோ வெண்ணெய். ஆறினால் மெழுகுதிரி மாதிரி இறுகும். அதைத் தகரத்தில் போட்டு ஸ்டோரில் பூட்டுவேன். சாவி ஒன்று என் இடுப்பிலும் இன்னொன்று முதலாளி மேசையிலும் இருக்கும். கலக்குவது மட்டும் அக்கா. காற்றுப் பட்டால் பக்குவம் கெடும் என்று கதவைச் சாத்திக்கொள்வார், யாரையும் விடமாட்டார்.

"வாயில வச்சா கரையணும், கையில வச்சா தாங்கணும்" என்பார். "இந்த வெண்ணெய்க்கு மட்டும்தான்டா அந்தக் கொணம்."

அறுபத்தோராம் வருடம், வெளிநாட்டுச் சொக்கலேட் வருவது குறைந்த நேரம். கொழும்புக் கன்னியர் மடமொன்றின் மதர் கடைக்கு வந்தார். விடுதிப் பிள்ளைகளுக்கு நத்தார் விருந்துக்கு இருநூறு துண்டு வேண்டும் என்றார். முந்தைய வருடம் வேறெங்கோ வாங்கி ஏமாந்திருக்கிறார்.

"தேங்காயெண்ணெய் போட்டிருந்தாங்க. இதுலயும் அப்படியா?" என்று கேட்டார்.

முதலாளி வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "ஒரு சொட்டு இருந்தாலும் என்னைக் கேளுங்க மதர். வெண்ணெய் புழியிறவன் நான். நானே கொண்டாந்து தாறேன்."

"உங்க பேர்?"

"நல்லமுத்து."

அவர் கொப்பியில் என் பெயரை எழுதிக்கொண்டார். பத்து நாளில் சரக்கு தயாரானது. காலையில் ஒரு துண்டை எடுத்து ஒடித்தேன். டக்கென்று ஒடிந்தது. ஆர்டர் சாமானைத் தின்னும் பழக்கம் எனக்கில்லை. அந்த மார்கழியில் என் வீட்டில் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய்ப் போத்தலே கல்லாக இருந்தது. பெண்சாதி தினமும் அதை அடுப்போரம் வைத்துத்தான் எடுப்பாள். மலையில் பிறந்தவனுக்கு எண்ணெய் உறைவது ஒரு விசயமாகவே படுவதில்லை. அந்தக் குளிரில் எண்ணெய் ஊற்றிய சொக்கலேட்டும் டக்கென்றுதான் ஒடியும் என்று அதனால்தான் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

பெட்டி கட்டும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"ராத்திரி மெயில்ல போயேன், தம்பி."

"தூங்காமப் போகச் சொல்றீங்களா? என் சரக்கு வெயிலையும் தாங்கும்க்கா."

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

ரயில் மலையிறங்கி நாவலப்பிட்டி தாண்டியதும், வெக்கையில் பெட்டியின் அடியில் எண்ணெய் கசிந்தது. பொல்கஹவெலையில் என் வேட்டி நனைந்தது. மடத்தில் மதர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே கூழ்தான் இருந்தது. வரிசையில் நின்ற ஒரு சின்னப் பிள்ளை மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "தலையெண்ணெய் வாசம்" என்றது. மதர் என்னைத் திட்டவில்லை. கொப்பியை எடுத்து என் பெயரை ஒருமுறை பார்த்தார், மூடிவிட்டார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

திரும்பி வந்ததும் முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார். "கொக்கோ வெண்ணெய யாருக்குடா வித்த?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "சாவி அவன்கிட்டயும் இருந்திச்சுங்க."

பொய் இல்லை. அதுதான் என்னை வெட்டியது. அன்றோடு பேக்கரி வேலை போனது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு தோட்டத்துக்கே திரும்பினேன். கடைத்தெருவில் எனக்கு 'எண்ணெ முத்து' என்று பெயர் வைத்தார்கள்.

போன மாதம், இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன், அக்கா ஆள் அனுப்பினார். போகக்கூடாது என்றுதான் இருந்தேன், போனேன். தன் தம்பி குடியிருந்த தோட்ட லயத்து அறையில் நெஞ்சுச் சளியோடு கிடந்தார்.

"எண்ணெ முத்துன்னு கூப்பிடுறாங்களாமே."

"நீங்க வச்ச பேருதான்."

கொஞ்ச நேரம் இருமினார். பிறகு சொன்னார். வெண்ணெயை முதலாளியே கண்டி மருந்துக் கடைக்காரனுக்குக் கூடுதல் விலைக்குக் கொடுத்திருக்கிறார். தேங்காயெண்ணெயை ஊற்றச் சொன்னதும் அவரே. ராத்திரிக் குளிரில் போனால் கரையாது என்றுதான் அக்கா மெயிலில் போகச் சொன்னாராம்.

"இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டிருந்தேன். விசாரணைக்கு அவருதான் எனக்குச் சாட்சி. வாயத் தொறந்தா வரமாட்டேன்னாரு."

"வந்தாரா?"

"வரல. மனுவத் தள்ளிட்டாங்க."

"நீங்க அவருக்குப் பயந்தீங்க. எனக்காக யாரு பயந்தாங்க, அக்கா?"

அவர் தலைமாட்டிலிருந்து ஒரு தகரத்தை எடுத்துத் தந்தார். உள்ளே கொக்கோ வெண்ணெய். அந்த வருடம் நான் பிழிந்ததில் அவர் ஒளித்து வைத்தது. நாலு வருடமாகியும் சிக்கு வாடை இல்லை, கொக்கோ வாசம் அப்படியே இருந்தது.

"கொட்ட வாங்கி அரைச்சுக்க. கதவச் சாத்திக்கிட்டு நான் என்ன செஞ்சேன்னு இப்ப சொல்றேன்" என்று எல்லாவற்றையும் சொன்னார். எவ்வளவு சூடு, எப்போது இறக்குவது, உதட்டில் தொட்டுப் பார்த்து எப்போது அச்சில் ஊற்றுவது.

"செஞ்சு மதர்கிட்டக் குடு. அன்னிக்கி எண்ணெ ஊத்துனது றோசலின்னு சொல்லு."

அதையும் நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. சரி என்று எழுந்தேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பகல் ரயில்லயே கொண்டு போ, நல்லமுத்து."